இன்னொருவர் பெயரில் ஒரு கன்டெய்னர்

திங்கட்கிழமை மாலை நாலு மணி இருபது நிமிடத்துக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. அந்த நேரத்தில் அது யாருக்கும் தெரியவில்லை. ராயபுரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில், நான் வேலை பார்க்கும் கிளியரிங் ஆபீசில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஏற்றுமதிப் பத்திரம் ஒன்றில் ஒரு கோடு எண்ணைத் தட்டினேன். அது என் மகளுடைய எண் அல்ல. பத்திரத்தை அனுப்பியதும் கம்ப்யூட்டர் ஓர் ஒப்புகைச் சீட்டு கொடுக்கும், அதில் நேரம் அச்சாகியிருக்கும். அதனால்தான் நிமிடம் வரைக்கும் சொல்ல முடிகிறது.

வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்காகச் சுங்க அலுவலகத்துக்குப் போக வேண்டிய காகிதங்களைத் தயாரிப்பது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறேன். மற்றவர்களுடைய பாத்திரம், வெங்காயம், தோல், போல்ட், நட் எல்லாம் என் விரல் வழியாகக் கப்பல் ஏறியிருக்கின்றன. என் சொந்தப் பெண்ணின் சரக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாக என் மேசைக்கு வந்தது.

அவள் எர்ணாவூரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து சரக்கு வலை செய்துகொண்டிருந்தாள். லாரியில் ஏற்றிய சுமை சரியாமலிருக்க மேலே போட்டு இழுத்துக் கட்டும் நைலான் கயிற்று வலை. எட்டுப் பெண்கள் வேலை செய்தார்கள். எல்லாரும் எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய மீனவக் குப்பங்களிலிருந்து வந்தவர்கள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து கழிமுகம் தூர்ந்த பிறகு வீட்டு ஆண்கள் வலையெடுக்கும் நாட்கள் குறைந்துவிட்டன. இவர்களுக்கு முடிச்சு ஏற்கெனவே தெரியும். அளவும் இழுவிசைக் கணக்கும் என் மகள் சொல்லிக்கொடுத்தாள். ஆறு மாதம் மாதிரி அனுப்பி, திருத்தி, மறுபடி அனுப்பி, மொம்பாசாவில் லாரி வைத்து நடத்தும் ஒருவரிடம் ஆர்டர் வாங்கியிருந்தாள். முதல் கன்டெய்னர் சரியாக வந்து சேர்ந்தால் மூன்று மாதத்துக்கு ஒன்று என்று பேச்சு. அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். இந்த வியாழக்கிழமைக் கப்பலில் சரக்கு ஏற வேண்டும். அவருக்கு அங்கே ஒரு பெரிய சுமை வேலை தேதி குறித்துத் தொடங்குகிறது. அடுத்த கப்பல் என்றால் வேண்டாம், வேறு இடத்தில் வாங்கிக்கொள்வேன் என்று எழுதியிருந்தார்.

வியாழன் மாலை ஆறு மணிக்குத் துறைமுகத்தின் கேட் அந்தக் கப்பலுக்காக மூடும். அதற்குள் பெட்டி உள்ளே போக வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

ஏற்றுமதி செய்கிற ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் கொடுக்கும் ஒரு கோடு எண் வேண்டும். முன்பெல்லாம் அதை வாங்க ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும். என் மகள் போனிலேயே விண்ணப்பித்து இரண்டு நாளில் வாங்கிவிட்டாள். தன் பெயர் போட்ட அந்தக் காகிதத்தை அச்செடுத்து ஷெட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். அப்படியிருந்தும் நான் ஏன் வேறொருவர் எண்ணைத் தட்டினேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தொழிலில் பெயர் கொடுப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஏற்றுமதிக்கு வருகிறவர் தன் பெயரில் அனுப்ப மாட்டார். நெடுநாளாக அனுப்பிக்கொண்டிருக்கும் ஒருவரின் கோட்டில் முதல் மூன்று நாலு தடவை அனுப்புவார். சட்டத்தில் இதற்கு நல்ல பெயர் இல்லை. ஆனால் நான் பார்த்தவரை யாரும் இதைத் தப்பு என்று நினைத்துச் செய்ததில்லை. பக்கத்து வீட்டில் குடை வாங்கிக்கொண்டு போகிற மாதிரி.

இதை நான் கற்றுக்கொண்ட நாள் எனக்கு நினைவிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். தண்டையார்பேட்டையில் ரப்பர் வாஷர் செய்யும் ஓர் இளைஞர் தன் முதல் சரக்கைத் தன் பெயரிலேயே அனுப்பினார். பெயர் புதிது, ஆகவே சந்தேகம். எல்லாப் பெட்டியையும் பிரித்தார்கள். பிரித்தவர் ஒருவர், கையெழுத்துப் போட வேண்டியவர் இன்னொருவர். அவர் வரும் வரை பெட்டிகள் திறந்தபடி யார்டில் கிடந்தன. பதினொரு நாள். நடுவில் மழை வந்தது. அட்டைப்பெட்டிகள் ஊறிப் பிய்ந்தன. அந்த இளைஞர் எங்கள் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். ஏறும்போதும் இறங்கும்போதும் நான் அவரைச் சுற்றிக்கொண்டு போவேன். அன்றைக்கு எங்கள் முதலாளி, புதுப் பெயர் என்றால் இப்படித்தான், கொஞ்ச நாள் பழைய பெயரில் போகட்டும், பெயர் பழுக்கட்டும் என்றார். அதற்குப் பிறகு என்னிடம் வந்த எந்தப் புது ஆளையும் நான் அவர் சொந்தப் பெயரில் அனுப்பியதில்லை.

பெயர் பழுக்கவில்லை. அதைப் புரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆனது. அடுத்தவர் கோட்டில் போகிற சரக்கு அடுத்தவர் பெயரைத்தான் பழுக்க வைக்கும். இரண்டு வருடம் கழித்து இவர் வங்கிக்குப் போய், மெஷின் வாங்கக் கடன் வேண்டும், நான் வெளிநாட்டுக்கு அனுப்புகிறவன் என்று சொன்னால், மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உங்கள் பெயரில் ஒன்றுமே இல்லையே என்பார். மெஷின் வராது. ஷெட் பெரிதாகாது. பத்துப் பேர் பத்துப் பேராகவே இருப்பார்கள், இல்லையென்றால் ஐந்து பேராவார்கள், ஒரு நாள் ஷட்டர் இறங்கியிருக்கும். எங்கள் ஆபீசில் அப்படி எத்தனையோ ஃபைல்கள் மெலிந்து அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிருக்கின்றன. அது அவரவர் ராசி என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவள். ஒரு நாடு எதனால் வளர்கிறது என்ற கேள்விக்கு நிலம், உழைப்பு, மூலதனம், தொழிலமைப்பு என்று வரிசையாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள். இங்கே எல்லாம் இருக்கிறது. என் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் ஒரு பக்கம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் துறைமுகத்தின் கிரேன்கள். உழைக்கப் போகிறவர்கள் கூட்டத்தில் காலை ஐந்தரை மணி பஸ்ஸிலேயே இடம் கிடைப்பதில்லை. ஆனால் திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை மிகப் பெரிய கம்பெனிகளும் இருக்கின்றன, மிகச் சின்ன ஷெட்களும் இருக்கின்றன. நடுவில் எதுவும் இல்லை. பெரிய கம்பெனிக்குத் தனி ஆபீசர், தனிப் பாஸ், தனி வரிசை உண்டு. சின்னவர்களுக்குத் தெரிந்தவர்கள் உண்டு. முகம் தெரியாத ஒருவர் காகிதத்தை மட்டும் பார்த்து முகம் தெரியாத இன்னொருவரை நம்புவது என்ற ஒன்று மட்டும் எங்களிடம் இல்லை. அது இல்லாமல் எதுவும் வளராது என்று எந்தத் தேர்விலும் நான் எழுதவில்லை.

சரக்கில் மட்டும் இல்லை இது. திருவொற்றியூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மின்சார மீட்டர் எங்களுக்கு விற்றவருக்கும் முன்னால் விற்றவர் பெயரில் இருக்கிறது. அவர் இறந்து வெகுநாளாகிறது. மாற்றப் போனால் பட்டா கேட்பார்கள், பட்டா கேட்கப் போனால் இடம் புறம்போக்கு என்று கிளறுவார்கள். அதனால் செத்தவர் பெயரிலேயே விளக்கு எரிகிறது. எங்கள் தெருவில் கேஸ், தண்ணீர், கடை வாடகை என்று ஒவ்வொருவரும் யாரோ ஒருவர் பெயருக்குள் ஒதுங்கித்தான் வாழ்கிறோம். என் கணவர் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். எனக்குச் சம்பளம் முதலாளி கையிலிருந்து கவரில் வரும், சொந்தப் பெயரில் சம்பளம் வந்த ஒரே ஆள் எங்கள் வீட்டில் அவர்தான். அவருக்கு இது எதுவுமே புரியாது.

பத்திரம் போடுவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, மகள் அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தபோது நான் பேச்சை எடுத்தேன். மண்ணடியில் பாத்திர வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், பதினெட்டு வருடமாக அவருடைய காகிதங்களை நான்தான் பார்க்கிறேன், அவர் கோட்டில் போகட்டும் என்றேன்.

"என் பேர்லயே போகட்டும்மா" என்றாள் மகள்.

"புதுப் பேருன்னா தொறந்து போட்ருவாங்கடி. வியாழக்கிழமை கப்பல் போயிடும்."

"அதெல்லாம் உன் காலம். இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்தான் பாக்குது. ஆளே பாக்கறதில்ல."

"கம்ப்யூட்டருக்குப் பின்னால ஒருத்தன் உக்காந்திருப்பான். அவன எனக்குத் தெரியும்."

அவள் சிரித்தாள். "உனக்கு எல்லாரையும் தெரியும். அதாம்மா உன் பிரச்சினையே."

தன் பெயரில் ஒரு கன்டெய்னர் போனால்தான் வங்கியில் பேச முடியும், இன்னும் எட்டுப் பேரைச் சேர்க்க முடியும் என்று அவள் விளக்கினாள். எனக்குப் புரியாமலில்லை. ஆனால் என் கண்ணுக்கு முன்னால் இருந்ததெல்லாம் ஊறிப் பிய்ந்த அட்டைப்பெட்டிகள்தான். முதல் கப்பல் போகட்டும், இரண்டாவது கப்பலுக்கு உன் பெயர் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் அவள் கைகழுவிக்கொண்டே, "சரி. இந்த ஒரு தடவதான்" என்றாள். என்னை நம்பி அல்ல, நான் விடமாட்டேன் என்று தெரிந்து.

அண்ணாச்சியிடம் கேட்க ஒரு போன் போதுமானதாக இருந்தது. "நம்ம பேரு சும்மாத்தான கெடக்கு தாயி, எடுத்துக்கோ" என்றார். அவர் இதற்காக ஒரு பைசா வாங்கியதில்லை. என்னிடமும் இல்லை, யாரிடமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் பெட்டி மணலி சாலையில் இருக்கும் யார்டுக்குப் போய்ச் சேர்ந்தது. துறைமுகத்துக்குப் போவதற்கு முன் கன்டெய்னர்கள் தங்கும் கிடங்கு அது. பதினொன்றே முக்கால் இருக்கும், கம்ப்யூட்டரில் எங்கள் பத்திரத்துக்கு எதிரே ஒரு வரி மாறியிருந்தது. இந்தக் கோடு கண்காணிப்பில் இருக்கிறது, முழுச் சோதனை. முழுச் சோதனை என்றால் அதிகாரி நேரில் வந்து ஒவ்வொரு கட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. அரை மணி நேரம் கழித்து அவரே திரும்பக் கூப்பிட்டார். சொந்த ஊர்க்காரன் ஒருவனுக்கும் பெயர் கொடுத்திருந்தாராம். அவன் காகிதத்தில் எழுதியது ஒன்று, பெட்டியில் வைத்தது வேறு. அது எங்கேயோ பிடிபட்டு, அன்று காலைதான் அண்ணாச்சியின் கோட்டின் மேல் கண்காணிப்பு விழுந்திருக்கிறது. எப்படி அண்ணாச்சி விசாரிக்காமல் கொடுத்தீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"அவன் கேட்டான், குடுத்தேன். நீ கேட்டப்ப நான் விசாரிச்சனா தாயி?"

போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன்.

பத்திரத்தை ரத்து செய்து மகளின் பெயரில் புதிதாகப் போட முடியுமா என்று பார்த்தேன். கண்காணிப்பில் விழுந்த பத்திரத்தை ரத்து செய்ய அதிகாரியின் அனுமதி வேண்டும். புதன்கிழமை காலையிலேயே சுங்க அலுவலகத்துக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் ஆன்லைனில் போடுங்கள் என்றார். வாசலுக்கு வந்து போனில் போட்டேன். சம்பந்தப்பட்ட அதிகாரியை நேரில் அணுகவும் என்று பதில் வந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் படித்துவிட்டு, அதிகாரி மாடியில் ஏதோ ஓர் அறையில் இருப்பதுபோல மேலே கை காட்டினார். மேலே அறை பூட்டியிருந்தது.

நான் முன்பு அந்தத் தாழ்வாரத்தில் நடந்தால் நாலு மேசையிலிருந்தாவது என்னம்மா சௌக்கியமா என்று குரல் வரும். அவர்களில் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார், ஒருவருக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல், ஒருவர் இறந்துவிட்டார் என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். பாதி மேசைகள் காலியாக இருந்தன, வேலையெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டதாம். மகள் சொன்னது சரிதான். நான் தெரிந்து வைத்திருந்த ஆள் அங்கே இல்லை. அவனுக்குப் பதிலாக வந்ததை எனக்குத் தெரியவில்லை, அதற்கும் என்னைத் தெரியவில்லை.

மத்தியானம் யார்டுக்குப் போனேன். மூன்று யார்டுகளுக்கு ஓர் அதிகாரி என்றும், கூட இருந்த இன்னொருவர் விடுப்பில் போயிருக்கிறார் என்றும் அங்கிருந்த சூப்பர்வைசர் சொன்னார். எப்போது வருவார்கள் என்றால், வருவாங்க என்றார். பெட்டியை ஏற்றிக்கொண்டு போக நாங்கள் பேசியிருந்த டிரெய்லர், சுவரோரம் நின்றது. டிரைவர் காசிமேட்டுக்காரர், ஐம்பது வயதிருக்கும். இப்படி நிற்க வைத்துவிட்டோமே என்று நான் சொல்லப்போக, அவர் என்னைத் தேற்றினார்.

"ரோட்ல போனாலும் நிக்கறதுதான்க்கா, இங்கயும் நிக்கறதுதான். இங்க நெழலாவது கீது."

யார்டிலிருந்து துறைமுக கேட்டுக்கு அதிக தூரமில்லை. ஆனால் அந்தச் சாலையில் டிரெய்லர்கள் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும். அரை நாளும் ஆகும், சில சமயம் ஒரு நாளும் ஆகும். டிரைவர்கள் வண்டிக்கடியிலேயே சமைத்துக் குளித்து வாழ்கிற சாலை அது. வியாழக்கிழமை ரெண்டு மணிக்குள் கிளம்பினால் பாதி சான்ஸ் என்று அவர் கணக்குச் சொன்னார்.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு மகள் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். என்னைத் திட்டவில்லை. இரண்டு டப்பாவில் எலுமிச்சை சாதம் கொண்டுவந்திருந்தாள், ஒன்றை எனக்கும் ஒன்றை டிரைவருக்கும் கொடுத்தாள். சூப்பர்வைசரிடம் போய்த் தெளிவாக, மரியாதையாக, கப்பல் நேரத்தைச் சொல்லிக் கேட்டாள். அதிகாரி பன்னிரண்டு மணிக்கு வருவதாக போனில் சொல்லியிருக்கிறார் என்றார் அவர். பன்னிரண்டுக்கு, அடுத்த யார்டில் உறைய வைத்த இறால் ஒரு கன்டெய்னர் இருக்கிறது, அது கெட்டுவிடும், அதைப் பார்த்துவிட்டு வருவார் என்றார். வலை கெடாது. இறால் கெடும். அதுவும் நியாயம்தான். அந்த மூன்று நாளில் நான் சந்தித்த எல்லாரும் நியாயமாகத்தான் பேசினார்கள்.

ஷெட்டிலிருந்து பெண்கள் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். கப்பல் கிளம்பிவிட்டதா என்று கேட்டார்கள். கிளம்பிடும்க்கா என்று மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருத்தி, அடுத்த லோடுக்குக் கயிறு வெட்டி வைத்தாயிற்று, முடிச்சுப் போடத் தொடங்கலாமா என்று கேட்டாள் போலிருக்கிறது. "வேணாம், இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மகள் போனை வைத்தாள்.

இரண்டு மணி ஆனது. மூன்று ஆனது. டிரைவர் எழுந்து டயரை ஒரு தட்டு தட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். நாலரைக்கு மகள் என்னிடம், இப்போது வந்தாலும் ஒன்றும் ஆகாது இல்லையா என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். ஆனாலும் அவள் ஆறு மணி வரைக்கும் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஆறு அடித்ததும் டிரைவர் பக்கத்தில் வந்தார்.

"வூட்டுக்குப் போ பாப்பா. கப்பலு இன்னா நம்ம மச்சானா, வெயிட் பண்ண?"

அவள் சிரித்தாள். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஸ்கூட்டி சீட்டில் உட்கார்ந்து மொம்பாசாக்காரருக்கு அவளே எழுதினாள். அம்மா செய்த தவறு என்று எழுதவில்லை. தவிர்க்க முடியாத தாமதம் என்று எழுதினாள். நாங்கள் வீடு வந்து சேருவதற்குள் பதில் வந்துவிட்டது. இரண்டு வரி. மரியாதையாக இருந்தது. வேறிடத்தில் சொல்லிவிட்டதாகவும், எங்களுக்கு எல்லா நன்மையும் விழைவதாகவும் எழுதியிருந்தார். நான் சரக்கு நன்றாக இருந்தது அவருக்குத் தெரியுமே என்றேன். தெரியும்மா, அதனால்தான் மரியாதையாக எழுதியிருக்கிறார் என்றாள்.

இப்போது ஷெட்டில் வேறு யாரோ பழைய பிளாஸ்டிக் அரைக்கிறார்கள். எட்டுப் பெண்களில் மூன்று பேர் இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போகிறார்கள், மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. மகள் ஒரு பெரிய சரக்குக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கழுத்தில் அட்டை தொங்கப் போகிறாள், வருகிறாள். அந்தக் கம்பெனியின் பெட்டிகள் எந்த யார்டிலும் நிற்பதில்லை என்கிறாள். கோபமாகச் சொன்னால் பரவாயில்லை, ஒரு தகவலாகச் சொல்கிறாள். பேப்பரில் வடசென்னைக்கு வரப்போகும் வளர்ச்சியைப் பற்றி வாரத்துக்கு ஒரு பக்கம் வருகிறது. புதுத் தளம், புதுச் சாலை, இத்தனை பேருக்கு வேலை. நான் அதைப் படிப்பதை நிறுத்திவிட்டேன். போன மாதம் ஆபீசுக்கு ஒரு புது ஆள் வந்தார், கொடுங்கையூரில் பிரஷ் செய்கிறவர். சொந்தப் பெயரில் அனுப்பலாமா என்று கேட்டார். இத்தனை வருடமாகச் சொன்ன பதிலும் வரவில்லை, வேறு பதிலும் வரவில்லை. முதலாளியிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

கேட் மூடியதற்கு மறுநாள், அந்த வெள்ளிக்கிழமைதான், அதிகாரி வந்தார். கப்பல் போனாலும் சோதனை முடிந்தால்தான் பெட்டியை யார்டிலிருந்து வெளியே எடுக்க முடியும். அதனால் நானும் மகளும் மறுபடி போயிருந்தோம். காலை பத்தேகால் மணிக்கு ஒரு ஸ்கூட்டரில், ஹெல்மெட்டும் முகத்தில் சுற்றிய துப்பட்டாவுமாக வந்து நின்றவர் ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும். செருப்பெல்லாம் நிலக்கரித் தூசு. நேற்று வர முடியவில்லை, மன்னிக்க வேண்டும் என்று அவர்தான் முதலில் சொன்னார். நான் அத்தனை வருடத்தில் எந்த அதிகாரி வாயிலிருந்தும் கேட்காத சொல் அது. மூன்று யார்டு, நான் ஒருத்தி என்றார். தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

பிறகு வேலையைத் தொடங்கினார். கன்டெய்னரின் முத்திரையை உடைத்துக் கதவைத் திறக்கச் சொன்னார். ஒவ்வொரு கட்டாக இறக்கி, தையலைப் பிரித்து, வலையை விரித்து, எண்ணி, மடித்து வைக்கச் சொன்னார். எதையும் விடவில்லை, எதிலும் அவசரப்படவில்லை. ஒரு முடிச்சை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து, யார் போட்ட முடிச்சு என்று கேட்டார். மகள் சொன்னாள். நல்லா இருக்கு என்றார். எல்லாம் முடிய மத்தியானம் ஒரு மணிக்கு மேல் ஆனது. பத்திரத்தில் இருந்ததும் பெட்டியில் இருந்ததும் ஒன்றாகவே இருந்தன.

கடைசிக் கட்டைத் தைத்துக்கொண்டிருந்தபோது மகள் அவரிடம் கேட்டாள். என்னைப் பார்க்காமல்தான் கேட்டாள். "மேடம், இது புதுக் கோட்ல, மொத தடவை போடற ஒருத்தர் பேர்ல வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அதிகாரி கையிலிருந்த டேப்லெட்டில் எதையோ நிரப்பிக்கொண்டே பதில் சொன்னார். "புதுக் கோடா? ரெண்டு கட்டு பிரிச்சுப் பாப்போம். அரை மணி நேரம். நெறைய தடவை சிஸ்டம் அதுவும் கேக்காது."

அது உண்மையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இருபத்திரண்டு வருடத்தில் அந்த அரை மணி நேரத்தை நான் பார்த்ததில்லை. அதைப் பார்க்கக்கூடிய இடத்தில் யாரையும் நிற்க விட்டதும் இல்லை. மகள் குனிந்து, தரையில் கிடந்த சணல் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

அதிகாரி டேப்லெட்டில் விரலை அழுத்திவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். இறால் யார்டிலிருந்து அதற்குள் அவருக்கு இரண்டு போன் வந்துவிட்டது.

"முடிஞ்சுதும்மா. சரக்குல ஒரு குறையும் இல்ல. அனுமதி குடுத்துட்டேன், நீங்க கப்பல்ல ஏத்திக்கலாம்" என்றார்.